விருந்தும் மருந்தும்

எங்கள் உம்மம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் அவர் வாயிலிருந்து வருவதை எழுதிவைக்க எனக்கு ஒரு சீ.ஆர். கொப்பி தேவைப்பட்டது.

“வயசு போனாக் காது கேக்காதெண்டு ஆர் சொன்னது? நம்மளப் பத்திக் கதைச்சா அடுத்த வீட்டில கதைக்கிறதும் கேக்கும்.” இது மாமி தொலைபேசியில் இரகசியம் பேசிய அன்று சொன்னது.

“கலியாண வீட்டுச் சோத்தில உப்பில்லை எண்டவதான் ரெண்டாந்தரமும் போட்டுக்கொண்டவ.” இது யாரைப் பற்றியது என்று எழுதினால், இந்த மலர் வீட்டுக்குப் போனதும் எனக்கு அடி விழும்.

உம்மா இதையெல்லாம் வாய்க்கொழுப்பு என்பார். நானும் சிரிப்பதற்காகத்தான் எழுதிவந்தேன். ஒன்றை எழுதும்போது மட்டும் முதலில் சிரித்துவிட்டு, பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

“விருந்தும் மருந்தும் மூண்டு நாள் எண்டு சொல்லுவாங்க. நாங்க புத்தளத்துக்கு விருந்துக்கு வந்து முப்பது வருசம் தாண்டிட்டு.”

உம்மம்மாவின் ஊர் சாவகச்சேரி. 1990 ஒக்டோபர் 15ஆம் திகதி அங்கிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே மாதம் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கும் அதுவே நடந்தது. வடக்கிலிருந்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தங்கினார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டுச் சோறு கொடுத்தார்கள். அதை உம்மம்மா ஒருநாளும் மறந்து பேசியதில்லை. ஆனால் அந்த நாட்களை நினைத்து அவர் அழுதும் நான் கண்டதில்லை. கேட்டால் பகிடிதான் வரும். “ஓலைக் கொட்டிலில றேடியோ தேவையில்லை. பக்கத்துக் கொட்டில் சண்டையே போதும்” என்பார்.

போன ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் அவரைச் சாவகச்சேரிக்குக் கூட்டிப்போனோம். ஆனையிறவு தாண்டியதும் பகிடி நின்றுவிட்டது. பளை, கொடிகாமம் என்று பெயர்ப்பலகைகளை வாய்க்குள்ளேயே வாசித்துக்கொண்டு வந்தார்.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த நகரமே இடிந்துபோனது. உம்மம்மாவின் வளவில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். பக்கத்து வளவு வேலியோரம் ஒரு வயதான அம்மா வந்து நின்று நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாக் கிழவியாப் போனாயடி.”

“நீ மட்டும் குமரியா நிக்கிறியோ? ரெண்டு பேருக்கும் கண் மங்கினபடியாத்தான் இவ்வளவாவது வடிவாத் தெரியுது.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அந்த அம்மா உம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

தென்மராட்சி பலாவுக்குப் பேர்போன இடம். அந்த அம்மா ஒரு பழத்தை வெட்டிவைத்தார். உம்மம்மா கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, அது தன் வீட்டு முற்றம் போலச் சப்பாணி கட்டி உட்கார்ந்து சுளை எடுத்தார். வெயில் சாயும்வரை இரண்டு பேரும் ஊர்க்கதை பேசினார்கள்; பாதிப் பெயர்களுக்குப் பின்னால் “மௌத்தாகிட்டார்”, “மோசம் போயிட்டார்” என்றுதான் வந்தது.

நாங்கள் எழும்பியபோது அந்த அம்மா சொன்னார்: “வந்தனீ, ஒரு மூண்டு நாளாவது நிண்டிட்டுப் போவன்.”

நான் பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். உம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. பலாக்கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு, “பஸ் எத்தினை மணிக்குப் பிள்ளை?” என்று என்னைக் கேட்டார்.