நாய் வாங்கப் போனேன்!

"நாய் விற்ற காசு குரைக்குமா?" என்பது பழமொழி. விற்றவர் காசு குரைக்காதுதான். ஆனால் வாங்கியவன் மனம் குரைத்துக்கொண்டே இருக்கும் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். அந்த அனுபவத்தையே இங்குக் கூற வந்தேன்.

எங்கள் வீடு சிறியது. அப்பா, அம்மா, பள்ளி செல்லும் தங்கை, கண்பார்வை மங்கிய அப்பத்தா, நான் ஆக ஐவர். பகலில் அப்பத்தா மட்டும் தனியே இருப்பார்கள். அவர்களுக்குத் துணையாக ஒரு நாய் வளர்ப்பது என்று முடிவாயிற்று. வாங்கிவரும் பொறுப்பை அப்பா என்னிடம் ஒப்படைத்தார்.

நானோ துணையை மறந்தேன், பெருமையை நினைத்தேன். இராசபாளையம் நாய் என்றால் சும்மாவா? பால் வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள்! 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இடம்பெற்ற இனம்! வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட அந்த இனத்துக்கு ஓடியாட இடம் வேண்டுமே, எங்கள் முற்றமோ நான்கு எட்டில் முடிந்துவிடுமே என்ற எண்ணம் எழவே இல்லை.

வளர்ப்பவர் வீட்டில் ஐந்து குட்டிகள் இருந்தன. நான் நுழைந்ததும் நான்கு குட்டிகள் குரைத்தபடி ஓடிவந்தன. ஐந்தாவது மட்டும் மூலையில் அயர்ந்து உறங்கிற்று. 'எவ்வளவு சாது! அப்பத்தாவுக்கு ஏற்றது இதுதான்' என்று மகிழ்ந்து அதையே எடுத்துவந்தேன். விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை; நானும் ஒன்றும் கேட்கவில்லை. முத்து என்று பெயரும் வைத்தாயிற்று.

ஒரு வாரம் சென்றது. "ஏன் ராசா, காலையில இருந்து கூப்பிடுறேன். இது திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதே?" என்றார்கள் அப்பத்தா.

"புது இடம்தானே, போகப் போகச் சரியாயிரும்" என்றேன் நான்.

மறுநாள் பிற்பகல், உறங்கிக்கொண்டிருந்த முத்துவை அப்பத்தா அறியாமல் மிதித்துவிட்டார்கள். திடுக்கிட்ட குட்டி அவர்கள் காலைக் கடித்துவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி போட்டுவந்தோம்.

கால்நடை மருத்துவர் முத்துவின் பின்னால் நின்று கைதட்டினார். அது அசையவில்லை. "பிறவிச் செவிடு. இந்த இனத்துல அப்பப்ப இப்படிப் பிறக்கும். எடுக்கும்போதே தட்டிப் பாத்திருக்கலாமே, தம்பி" என்றார். கண் தெரியாத மூதாட்டிக்குக் காது கேளாத துணை! நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

"கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார் அப்பா.

அப்பத்தா தடுத்தார்கள். "காது கேக்காததை அங்க மட்டும் யாரு வச்சுக்கிடுவா? எனக்குக் கண்ணு தெரியலைன்னு என்னைய எங்கயும் திருப்பியா அனுப்பிட்டீங்க?"

அப்பா வாயடைத்துப் போனார்.

இப்போது முத்து உறங்குவதற்கென்று ஒரு பலகை போட்டிருக்கிறோம். அப்பத்தா அருகில் செல்லுமுன் கைத்தடியால் பலகையின் ஓரத்தைத் தட்டுவார்கள். அதிர்வை உணர்ந்து அது எழுந்துகொள்ளும். அது வருவதை அப்பத்தா அறிவதற்காகக் கழுத்தில் சிறு மணி கட்டியிருக்கிறோம். என் பங்குக்கு, நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து அதைக் கண்மாய்க்கரையில் ஓடவிட்டு அழைத்து வருகிறேன். கூப்பிட்டால் கேளாத நாய் அல்லவா? கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே ஓடியாக வேண்டும்!

நண்பர்களே, நாய் வாங்கப் போகுமுன் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பகலில் அதனுடன் யார் இருப்பார்? காலையில் யார் நடத்திச் செல்வார்? முதியவரும் சிறுவரும் இருக்கிறார்களா? பிறகு குட்டியைப் பாருங்கள். இரண்டு மாதமாவது தாயுடன் இருந்ததா என்று கேளுங்கள். தாயின் குணத்தைக் கவனியுங்கள். மறவாமல் பின்னால் நின்று கைதட்டுங்கள். எங்கள் தெருவில் பிறந்த ஒரு நாட்டுக்குட்டியே எங்கள் வீட்டுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

தன்மீது வேல் எறிந்தவனைக் கண்டும் வால் குழைப்பது நாய் என்கிறது நாலடியார். அவ்வளவு நன்றியுள்ள உயிரை நம் வீட்டுக்கு அழைக்குமுன், அதற்குத் தகுதியாக நம் வீடு இருக்கிறதா என்று பார்ப்பதுதானே முறை? நான் பார்க்கத் தவறினேன். என் தவற்றை அப்பத்தாவும் முத்துவும் சேர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.