நான் எழுதிய இரண்டு அறிக்கைகள்

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கி உரிமத்துக்காக எழுதிய இரண்டு அறிக்கைகள் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்றில் பொய் எழுதினேன். இன்னொன்றில் உண்மையை எழுதியே ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன்.

1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. இன்றைய அரியலூரும் அப்போது அதற்குள்தான். ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே என்றாலும் உரிமம் கொடுப்பது ஆட்சியர். காவல் நிலைய அறிக்கையோடு வருவாய்த் துறை அறிக்கையும் அவருக்குப் போகும். ஆள் எப்படி, நிலம் எவ்வளவு, துப்பாக்கி எதற்கு என்று கீழே நான் எழுதுவதுதான் மேலே நகரும்.

மாவட்டம் பிரிந்த புதிதில் பெரிய விவசாயி ஒருவர் ரிவால்வருக்கு விண்ணப்பித்தார். ரிவால்வர் என்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். அவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டே, உயிருக்கும் உடைமைக்கும் அச்சுறுத்தல் உண்டு என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி எதுவும் இல்லை. திருவிழாவில் இடுப்பில் செருகிக்கொண்டு நிற்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். நான் பணம் வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்; அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு நரிக்குறவர் பெரியவர் ஒருவர் உரிமத்தைப் புதுப்பிக்க வந்தார். குழல் வாயில் மருந்து கிட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. பச்சைமலை அடிவாரத்துக் கடலை, சோளக் கொல்லைகளில் இரவுக் காவல் இருப்பார். குண்டு போடாமல் வெறும் வேட்டுச் சத்தத்திலேயே பன்றிகளை விரட்டுவார். கொல்லைக்காரர்கள் தானியம் கொடுப்பார்கள். “மூணு வருசத்துக்கு ஒருக்கா எழுதிக் குடுக்கறதுதான் சாமி” என்றார். என் அப்பா வயது அவருக்கு. நான் உட்காரச் சொல்லவில்லை. “பாக்கலாம், போய்ட்டு வா” என்றேன்.

“நிரந்தர வீடு இல்லை. நிலம் இல்லை. சொத்து ஏதும் இல்லை. பரிந்துரைக்க இயலவில்லை.” இவ்வளவுதான் எழுதினேன். எந்தக் கொல்லைக்கும் போய்ப் பார்க்கவில்லை, எந்தக் கொல்லைக்காரரையும் விசாரிக்கவில்லை.

போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டுமே யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 14ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. உண்மையான பயிர்க்காவலுக்கு, அந்தப் பெரியவர் வைத்திருந்ததுபோல் குழல் வாயில் மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், சட்டம் சொல்லும் வேறு தடைகள் இல்லாதவரை கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. புதுப்பித்தலுக்கும் இவை பொருந்தும். அந்தச் சட்டப் புத்தகம் அலுவலக அலமாரியிலேயே இருந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அதன் பிறகு பேருந்து நிலையத்தில் ஊசிமணி பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார். அவரைக் கண்டால் நான் வேறு பக்கமாக நடந்துவிடுவேன்.

துப்பாக்கிகள் பெருக வேண்டும் என்றோ வேட்டையை அனுமதிக்க வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. கரைவெட்டி ஏரியில் இறங்கும் பறவையைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் உரிமமில்லாத துப்பாக்கிக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. தண்டனையை இவ்வளவு கடுமையாக்கிவிட்டு உரிமத்துக்கான வழியையும் அடைத்தால் ஏழை எங்கே போவார்? குடகில் கொடவர்களுக்கு உரிமமே தேவையில்லை என்ற விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. தலைமுறைகளாகத் துப்பாக்கியோடு வாழ்ந்தவர்கள் என்பது அங்கே மதிக்கப்படுகிறது. இங்கே அதேபோல வாழ்ந்த ஒருவரிடம் நான் பட்டா இருக்கிறதா என்று பார்த்தேன்.

இன்று அந்த நாற்காலியில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே, எறையூரிலிருந்தோ மலையப்ப நகரிலிருந்தோ நரிக்குறவர் ஒருவர் உரிமம் கேட்டு வந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். காவல் காக்கும் கொல்லைக்குப் போய்ப் பாருங்கள். உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள். நான் சொல்லவில்லை.