தோப்பு வண்டி

இராஜபாளையத்தில் தென்காசி சாலையை ஒட்டிய அந்தப் பட்டறைக்கு நான் போனபோது காலை ஏழரை மணி. டாடா சுமோ ஒன்று இடப்பக்கம் சாய்ந்து நின்றது. மெக்கானிக் குனிந்து, பின்சக்கரத்துக்கும் அதன் மேலிருக்கும் தகட்டுக்கும் நடுவே கையை விட்டு அளந்தார். வலப்பக்கம் ஒரு சாண். இடப்பக்கம் நாலு விரல்.

“மெயின் பட்டை போயிருச்சு அண்ணாச்சி.”

எஃகுப் பட்டைகளை அடுக்கிய பின் ஸ்பிரிங்கின் முதன்மைப் பட்டையைத்தான் சொன்னார். வண்டிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு அய்யனார் கோயில் பக்கம் மாந்தோப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு, ஒரு சக்கரம் வரப்பிலும் மறு சக்கரம் பள்ளத்திலுமாக இத்தனை வருஷம் ஓடிய வண்டி. கனம் எப்போதும் ஒரே பக்கம் விழுந்திருக்கிறது.

இருபது வயது தாண்டிய பெரிய வண்டியை வைத்துக் காப்பாற்ற என்ன செலவாகும் என்று தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தேன். செலவுக் கணக்கை மெக்கானிக் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். மற்றதைத் தெரிந்துகொள்ள அன்று முழுவதும் அந்த வண்டியின் பின்னாலேயே சுற்ற வேண்டியிருந்தது.

சுமோ 1994இல் வந்தது. டாடா மோட்டார்ஸை வளர்த்தெடுத்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்தும் குடும்பப் பெயரிலிருந்தும் முதல் எழுத்துகளை எடுத்து வைத்த பெயர். 2019இல் உற்பத்தி நின்றது. இந்தப் பக்கத்தில் அது முதலில் கல்யாண வண்டி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டி. செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலை ஊர் நடுவே ஓடுவதால் அந்தச் சவாரிக்குக் குறைவே இல்லை. வயதானதும் சீட்டைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த வண்டிக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. மேடேறும்போது சூடாகிறது. “இன்ஜினை இறக்கணும்னு வேற ஒரு இடத்துல சொன்னாங்க” என்றார் தோப்புக்காரர். ரிங், பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்ந்தால் 40,000 ரூபாய்க்குக் குறையாது என்பது இங்குள்ள பேச்சு. மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. ஆயில் கேஜை உருவிப் பார்த்தார். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், வெளுக்கவில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கையிலேயே ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்கும், வரவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் இடுக்கில் கசிந்து வரும் காற்று, கொஞ்சம்தான். புகையில் நீலமும் இல்லை. “ஹெட்டைத் தொட வேணாம். ரேடியேட்டரை மட்டும் கழட்டுவோம்.”

கால் மணி நேரம் பிடித்த இந்தச் சோதனைக்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு குடும்பத்தின் 40,000 ரூபாயைக் காப்பாற்றிய கால் மணி நேரம் அது.

கழற்றிய ரேடியேட்டரை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்துக்கொண்டு பட்டறைப் பையன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நானும் பின்னால் போனேன். ஆண்டாள் கோபுரம் கண்ணில் படும் தூரத்தில், ஒரு சிமெண்ட் தொட்டியும் கேஸ் அடுப்பும் மட்டுமே இருந்த கடை. ரேடியேட்டர் வேலை பார்க்கும் பெரியவர் மேல்தொட்டியைச் சூடுகாட்டிப் பெயர்த்து எடுத்தார். உள்ளே வரிசை வரிசையாகக் குழாய்கள், பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. போர் தண்ணீரின் உப்பு. தோப்பில் இருக்கிற தண்ணீரைத்தானே ஊற்றுவார்கள். மெல்லிய தகட்டுப் பட்டை ஒன்றை ஒவ்வொரு குழாயிலும் விட்டுவிட்டு எடுத்தார். நாற்பது குழாய்க்கு மேல் இருக்கும். ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. பிறகு அமிலத்தால் துடைத்து, ஈயம் வைத்துத் தொட்டியைப் பற்றவைத்து, வாயை அடைத்துக் காற்றேற்றித் தண்ணீரில் அமுக்கினார். ஓர் ஓரத்தில் சிறு குமிழ். அங்கே மறுபடி ஒரு பொட்டு ஈயம். கூலி 1,800 ரூபாய்.

“இது செம்பும் பித்தளையும் தம்பி, எத்தனை தடவ வேணும்னாலும் திறக்கலாம். இப்ப வர்றது அலுமினியம், மேல பிளாஸ்டிக் தொட்டி. பிளாஸ்டிக்ல ஈயம் ஒட்டுமா?” கடையோரம் கிடந்த அலுமினிய ரேடியேட்டர்களைக் காட்டினார். காயலான் கடைக்குப் போகிறவை. ஈயப் புகை அவர் முகத்துக்கு நேரேதான் எழுந்தது. ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலே பாதிப் புகை வெளியே போய்விடும். அதைச் சொன்னேன். மகன் மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்றார்.

பட்டை வேலைக்கு மதியம் இராஜபாளையம் திரும்பினோம். உலைக்களமும் பட்டடைக்கல்லும் உள்ள கொட்டகை. ஊதுலைக்கு மோட்டார் வந்துவிட்டது, சம்மட்டி மட்டும் மாறவில்லை. மெயின் பட்டை, நுனியில் சுருண்டிருக்கும் கண் பக்கத்தில் ஒடிந்திருந்தது. வெல்டிங் வைத்தால் மலிவாக முடியுமே என்று தோப்புக்காரர் கேட்டார். கொட்டகைக்காரர் மறுத்துவிட்டார். பதம் ஏற்றிய எஃகு அது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும், அடுத்த பள்ளத்தில் பக்கத்திலேயே ஒடியும். மெயின் பட்டை புதிது, மற்றவற்றுக்கு வளைவு ஏற்றினால் போதும். அதையும் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்தால்தான் ஆயிற்று என்றார். “ஒரு பக்கம் மட்டும் கட்டுனா வண்டி அந்தப் பக்கம் நிமிந்து, இந்தப் பக்கம் இழுக்கும் அண்ணாச்சி. கூலியில வேணும்னா குறைச்சுக்குறேன். ஒரு பக்க வேலைய நான் செய்ய மாட்டேன்.”

சென்டர் போல்ட்டை உருவிப் பட்டைகளைப் பிரித்தார்கள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வில் வரைந்திருந்தது, அதுதான் அளவு. பழுக்கக் காய்ச்சிய பட்டையை ஒருவர் குறடால் பிடிக்க, இன்னொருவர் அடிக்க, இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியதும் எண்ணெயில் முக்கி, திரும்பவும் இளஞ்சூடு காட்டி ஆறவிட்டார்கள். அந்த இரண்டாம் சூடு இல்லாவிட்டால் பட்டை கண்ணாடிபோல் உடையும். எவ்வளவு சூடு என்று கேட்டதற்கு, “நிறத்தைப் பாத்துத்தான்” என்றார். எத்தனை வருஷத்தில் அந்தக் கண் வந்தது என்று கேட்டேன். அவருடைய அப்பா இறந்த பிறகுதான் தானே தனியாகப் பதம் வைத்தாராம்.

யூ போல்ட் புதிது, ஷேக்கிள் புஷ் புதிது. புஷ் அளவு சரியாகக் கிடைக்காமல் ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கினார்கள். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லில் ஆரம்பித்து நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் இது. லேத்துக்காரரும் மில் பராமரிப்புப் பிரிவில் கை பழகியவர். ஸ்பிண்டிலுக்குப் பழகிய கை சுமோவுக்குக் கடைந்து தருகிறது. பட்டை வேலை மொத்தம் 9,500 ரூபாய்.

இதற்கு மேல் அரசுக் கட்டணம் இருக்கிறது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000. உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது சிறு ஆறுதல். புகை கக்கும் வண்டியைச் சாலையிலிருந்து விலக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இன்ஜின் சுத்தமாக எரியும் வண்டியையும் எரியாததையும் வயது ஒன்றைக் கொண்டே அளப்பது சரியில்லை. காலையில் மெக்கானிக் பார்த்த கால் மணி நேரச் சோதனை அதைவிட நேர்மையான அளவுகோல்.

சாயங்காலம் வண்டியை மறுபடி தென்காசி சாலைப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். ரேடியேட்டரை மாட்டி, கூலன்ட் ஊற்றினார்கள். தோப்புக்காரரிடம் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் தனியாகக் கொடுத்து, போர் தண்ணீர் பக்கமே போகக்கூடாது என்று மெக்கானிக் இரண்டு தடவை சொன்னார். பிறகு பின்சக்கரத்தருகே குனிந்து கையை விட்டார்.

இரண்டு பக்கமும் ஒரு சாண்.