பத்தாம் நம்பர் தூண்டிலும் ஒரு விரால் குடும்பமும்!

திண்டுக்கல்லில் நாற்பது வருடமாகப் பூட்டு செய்கிறவர் அவர். சாவியை நாலு முறை திருகிப் பார்க்காமல் எந்தப் பூட்டையும் பட்டறையை விட்டு அனுப்பமாட்டார். அக்கா மகன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த 'ஃப்ளை ராடு' விஷயத்திலும் அப்படித்தான்.

"ஒன்பது அடிக் குச்சி. இதுல தவளையைக் கோத்துப் போடலாமா மாப்ள?"

"இது வேற மாமா. இறகுல கட்டுன பொய்ப் பூச்சியைத்தான் போடணும்."

சாதாரணத் தூண்டிலில் இரையின் எடை கயிறை இழுத்துக்கொண்டு போகும். இதில் தலைகீழ். பூச்சிக்கு எடையே கிடையாது; கயிறுதான் கனம். ராடில் எழுதியிருக்கும் நம்பர் அந்தக் கயிற்றின் எடையைத்தான் சொல்கிறது. 10-ம் நம்பர் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 18 கிராம் இருக்கும். சின்ன மீனுக்கு 4, 5 போதும். பெரிய வேட்டை மீன்களுக்கு 8 முதல் 10 வரை தேவை.

மாப்பிள்ளையின் கனவு காவிரியின் மஹாசீர். சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-லேயே 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தில் இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். 1946-ல் மைசூர் பக்கம் கபினி ஆற்றில் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! ஆனால் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மஹாசீர், 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

"அப்போ அதைத் தொட வேணாம். நம்ம ஊர் விரால் போதும்" என்றார் மாமா.

முதல் சோதனை மொட்டை மாடியில். கயிற்று நுனியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, ராடை நிமிர்த்தித் தூக்கினார்கள். ராடு வில்லாக வளைந்தது, மணிக்கட்டு வலித்தது, பாட்டில் அசையவில்லை. ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்ததும் பாட்டில் தரையில் நகர்ந்து வந்தது.

மாமாவுக்கு உடனே புரிந்தது. நிமிர்த்திப் பிடித்தால் நுனி மட்டும் வளைகிறது; அவ்வளவு தூரத்தில் தொங்கும் பாரத்தைக் கை தாங்காது. தாழ்த்தினால் தடித்த அடிப்பாகம் வேலை செய்கிறது. பெரிய மீனை ரொம்ப நேரம் போராடவிட்டுக் களைப்படைய வைக்காமல், சீக்கிரம் கரை சேர்த்துத் திரும்ப விடுவதற்குத்தான் இந்தக் கனமான ராடு.

இரண்டாவது சோதனை, ஐப்பசி மழையில் நிரம்பிய குளத்தில். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

தாமரை இலைகளுக்கு நடுவே ஓர் இடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல இருந்தது. உற்றுப் பார்த்தால், செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள்! கூட்டமாக மேலே வந்து, காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயின. பக்கத்திலேயே கறுத்த முதுகு ஒன்று எழுந்து அடங்கியது.

"பெரிய விரால் மாமா! அங்கே போட்டா கண்டிப்பா அடிக்கும்."

அது உண்மைதான். குஞ்சுகளைக் காவல் காக்கும் விரால், பக்கத்தில் எது வந்தாலும் பாயும். பசியால் அல்ல, பாதுகாப்புக்காக. அதைக் கரைக்கு இழுத்துவிட்டால், காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். திரும்ப விட நினைத்தாலும், அதற்குள் பாதிக் கூட்டம் காலியாகியிருக்கும்.

மாமா கயிறைச் சுற்ற ஆரம்பித்தார்.

"டெஸ்ட் பண்ண வேணாமா?"

"பிள்ளையைக் காவல் காக்குறவன்கிட்ட பலத்தைக் காட்டுறது டெஸ்ட் இல்ல மாப்ள."

எதிர்க் கரைக்குப் போய் மாலை வரை வீசிப் பார்த்தார்கள். ஒரு விரால் அடித்தது. பாசிக்குள் புகுந்து தப்பிவிட்டது. ராடுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்து பிரியட்டும் என்று இருவரும் காத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் உங்கள் ஊர்க் குளத்திலும் செம்மஞ்சள் கூட்டம் கண்ணில் பட்டால், தூண்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்!