சுட்டிக்குள் ஒளிந்த ஒரு பிட்

நேத்து ராத்திரி லினக்ஸ் கெர்னலின் நினைவக நிரலில் ஒரே வரியில் மாட்டிக்கொண்டேன். சுட்டியோடு 1-ஐக் கூட்டி வைத்திருக்கிறார்கள்! பிழை என்றே நினைத்தேன். இல்லை, கஞ்சத்தனம்.

நினைவகத்தின் 4 கேபி பக்கம் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 64 பைட்டில் 'ஸ்ட்ரக்ட் பேஜ்' என்று ஒரு குறிப்பு. 16 ஜிபி ராமுக்குக் குறிப்புகளே 256 எம்பி. அதில் புதுப் புலம் சேர்க்க யாருக்கு மனசு வரும்? குறிப்பில் ஏற்கெனவே இருக்கும் அந்தச் சுட்டி காட்டும் முகவரி 4-ஆல் வகுபடும் என்பதால் கடைசி 2 பிட்டும் எப்போதும் பூஜ்யம், சும்மாதான் கிடக்கும். அதையே அடையாளமாக்கிவிட்டார்கள்: கடைசி பிட் 1 என்றால் அந்தப் பக்கம் கோப்புப் பக்கமில்லை. நிரல்கள் கேட்கும்போது மாலாக் (malloc) வாங்கித்தரும் ரகம், அநாமதேயம்.

இதற்கான விளக்கம் வேறொரு ஹெடர் கோப்பில் தூங்குகிறது. நான் என் பிரதியில் அந்த வரிக்கு மேலேயே நாலு வரி கமென்ட் எழுதினேன். மணி இரண்டரை.