மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு நடை... இட்லித் தட்டில் தெரியுது விலைவாசி!

மதுரை ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து மேல வெளி வீதியைத் தாண்டினால் டவுன் ஹால் ரோடு. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்தே போகிறவர்களின் வழி இது. இருபுறமும் லாட்ஜுகள், டிபன் கடைகள், டீக்கடைகள். பக்கத்தில் இருக்கும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படித்தான். ஊரில் விலைவாசி எப்படி ஏறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல தெரு கிடைக்காது.

ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்

கடை வாசலில் உள்ள விலைப்பலகையைக் கவனித்துப் பாருங்கள். பொருளின் பெயர் பெயின்ட்டில் இருக்கும். விலை மட்டும் ஒட்டப்பட்ட ஸ்டிக்கரில் இருக்கும். அதன் கீழே பழைய ஸ்டிக்கரின் ஓரம் எட்டிப் பார்க்கும்.

காய்கறி விலை தினமும் மாறும். ஹோட்டல் விலை அப்படி மாறாது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று முதலாளி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார். பிறகு ஒரே நாளில் ஏற்றுவார். சில்லறைப் பிரச்னை வேறு. 10 ரூபாய் டீயை 12 ரூபாய் ஆக்கினால் அது 20 சதவிகித உயர்வு. 12 ரூபாயை 15 ஆக்கினால் 25 சதவிகிதம்!

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சில வாரங்களில் இறங்கியும் விட்டது. ஆனால், தக்காளி இறங்கியது என்று தோசை விலையை யாரும் குறைப்பதில்லை. ஏனென்றால், தோசை விலைக்குள் தக்காளி மட்டும் இல்லை. மாஸ்டர் சம்பளம், கடை வாடகை, கரன்ட் பில், கேஸ் எல்லாம் இருக்கின்றன.

19 கிலோ சிலிண்டர்

வீட்டுக்கு வரும் சிலிண்டர் 14.2 கிலோ. கடைக்கு வருவது 19 கிலோ. இதன் விலையை எண்ணெய் நிறுவனங்கள் பொதுவாக மாதம் பிறந்ததும் மாற்றுகின்றன. இதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு. சாதாரண ஹோட்டல்கள் சாப்பாட்டு பில்லில் 5 சதவிகிதம் வரி வாங்குகின்றன. 2017 நவம்பர் 15 முதல் உள்ள இந்த முறையில், சிலிண்டருக்குக் கட்டிய வரியைக் கடைக்காரர் கழித்துக்கொள்ள முடியாது. அதுவும் இட்லி விலையில்தான் சேரும்.

லாட்ஜ் கதை வேறு. ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரிவிலக்கு இருந்தது. 2022 ஜூலை 18 முதல் 12 சதிவிகிதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 சதவிகிதமாகக் குறைந்தது.

கணக்கெடுப்பு எப்படி?

மத்திய அரசின் புள்ளியியல் துறை, நாடு முழுவதும் குறிப்பிட்ட கடைகளில் அதே பொருளின் விலையை மாதாமாதம் குறித்து, சில்லறைப் பணவீக்கத்தை வெளியிடுகிறது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய பட்டியலில், சமைத்த உணவு, பலகாரம், இனிப்பு ஆகியவற்றின் பங்கு 100-க்கு 5.55. அடிப்படை ஆண்டை 2024-க்கு மாற்றிய புதிய பட்டியலில், உணவகங்களும் தங்குமிடங்களும் தனிப் பிரிவாகிவிட்டன.

வெளியில் சாப்பிடாத குடும்பத்துக்கு இந்த எண் வெறும் செய்தி. மூன்று வேளையும் கடையில் சாப்பிடுகிறவருக்கு அது மாத பட்ஜெட்.

அவர்களைப் பார்க்க வைகையைத் தாண்டி கோரிப்பாளையம் போக வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ராமநாதபுரம், சிவகங்கை, தேனி பக்கமிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். கூட வந்தவர்களுக்குச் சமைக்க அடுப்பு கிடையாது. எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதும் தெரியாது. நான்கு இட்லி வாங்க வந்தவர் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு போதும் என்பார். பணவீக்கம் அந்த இரண்டு இட்லியில் இருக்கிறது.

இதே ஊரில் அம்மா உணவகமும் இருக்கிறது. 2013-ல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மானியம் தருவதால் அந்தப் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை இல்லை. விலை ஏறாமல் இருக்க வேண்டுமென்றால், ஏறும் செலவை வேறு யாராவது தாங்க வேண்டும். அங்கே அரசு தாங்குகிறது. டவுன் ஹால் ரோட்டில் கொஞ்சம் முதலாளி தாங்குகிறார், மீதியைச் சாப்பிடுகிறவர் தாங்குகிறார்.

அடுத்தமுறை மதுரை போனால், சாப்பிட உட்காரும் முன் விலைப்பலகையை ஒருமுறை படியுங்கள். அந்தத் தெருவின் ஐந்தாறு வருட வரலாறு அதில் ஒட்டியிருக்கும்.