வாலிலிருந்து வாசிப்பது

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஐந்தே பக்கம்தான். புரதச் சங்கிலியின் பிணைப்புகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எப்படித் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று கணக்கிட்டுச் சொன்ன கட்டுரை அது. அதிலிருந்து பிறந்த 'ராமச்சந்திரன் பிளாட்' என்ற வரைபடத்தின் பெயரைச் சந்திக்காமல் உயிர்வேதியியல் படித்து முடிக்க முடியாது. அந்த வரைபடத்தைத் தேர்வில் வரைந்து மதிப்பெண் வாங்கிய எம்.எஸ்சி. மாணவரிடம் மூலக் கட்டுரையைக் கொடுத்தால், தலைப்பிலேயே தடுக்கி நிற்கிறார்: 'ஸ்டீரியோகெமிஸ்ட்ரி ஆஃப் பாலிபெப்டைடு செயின் கான்ஃபிகரேஷன்ஸ்.' ஒரு வினைச்சொல்கூட இல்லை.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் என்றால், உடனே பழி ஆங்கிலத்தின்மேல் விழும். இலக்கணம் போதாது, சொல்வளம் போதாது என்பார்கள். ஆனால் அந்தத் தலைப்பில் அவருக்குப் பொருள் தெரியாத சொல் எதுவும் இல்லை. கலைச்சொற்களை இரண்டு ஆண்டுகளாகப் புழங்கியவர் அவர். அவற்றை எந்த வரிசையில் பிரிப்பது என்பதுதான் தெரியவில்லை.

பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'பாலிபெப்டைடு செயின் கான்ஃபிகரேஷன்ஸ்' என்ற மூன்று சொற்களும் அப்படியே தமிழ் வரிசையில் நிற்கின்றன: பாலிபெப்டைடுச் சங்கிலி அமைப்புகள். எதைப் பற்றிய பேச்சோ அது கடைசியில் வருகிறது. முன்னால் நிற்பவை எல்லாம் அடைமொழி. 'இரும்புச்சத்துக் குறைபாட்டுச் சோகை' என்றால் இது சோகையைப் பற்றியது, இரும்பைப் பற்றியது அல்ல என்று தமிழனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 'அயர்ன் டெஃபிஷியன்சி அனீமியா' என்பதும் அதே வரிசைதான். 'ஆஃப்' வரும் இடத்தில் மட்டும் வண்டியைத் திருப்ப வேண்டும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட ஆய்வுக் கட்டுரைகளின் நீண்ட பெயர்ச்சொல் தொடர்களைக் குறை சொல்வதுண்டு. வாலிலிருந்து வாசிக்கப் பழகிய தமிழ் மாணவருக்கு உண்மையில் அங்கே ஒரு படி வசதி இருக்கிறது. அதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

வாசிப்பில் உதவுகிற அந்தப் பழக்கமே எழுதும்போது காலை வாருகிறது. தமிழில் வினை கடைசியில் வரும். வாசகர் பொறுமையாகக் காத்திருப்பார். ஆங்கில வாசகர் காத்திருக்க மாட்டார். ஜார்ஜ் கோப்பன், ஜூடித் ஸ்வான் இருவரும் 1990இல் 'அமெரிக்கன் சயன்டிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் விரிவாகப் பேசுகிறது: எழுவாய் வந்ததும் வினையைத் தேடுவது வாசகரின் இயல்பு, வாக்கியத்தின் முடிவில் அழுத்தத்தை எதிர்பார்ப்பதும் இயல்பு. நம் மாணவரோ 'த சாம்பிள்' என்று தொடங்கி, எங்கே வாங்கியது, எத்தனை டிகிரியில் உலர்த்தியது, எந்தக் கரைப்பானில் கழுவியது என்று எல்லாவற்றையும் நடுவில் அடைத்து, மூன்றாவது வரியில் வினையைக் கொண்டுவந்து சேர்க்கிறார். இலக்கணப் பிழை ஒன்றும் இராது. வாசிக்கத்தான் முடியாது.

இன்னொரு திறமையும் அவரிடம் ஏற்கெனவே உண்டு. அது கிடைத்த இடம் ஆங்கில வகுப்பு அல்ல, வேதியியல் ஆய்வுக்கூடம். சால்ட் அனாலிசிஸ் செய்த எல்லோருக்கும் ரெக்கார்டு நோட்டில் அனுமானம் எழுதும் மூன்றாவது கட்டம் நினைவிருக்கும். உப்புடன் அடர் கந்தக அமிலம் சேர்க்க, நெடியுள்ள வாயு வருகிறது. அம்மோனியாவில் தோய்த்த கண்ணாடிக் குச்சியைக் காட்டினால் அடர்ந்த வெண்புகை. இந்த இடத்தில் 'மே பி குளோரைடு' என்றுதான் எழுத வேண்டும். வெள்ளி நைட்ரேட் சேர்த்து, தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வந்து, அது அம்மோனியாவில் கரைந்த பிறகுதான் 'கன்ஃபர்ம்டு'. முதல் சோதனையிலேயே 'கன்ஃபர்ம்டு' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார்.

ஆய்வுக் கட்டுரையில் 'சஜஸ்ட்', 'இண்டிகேட்', 'டெமான்ஸ்ட்ரேட்' என்ற வினைகளுக்கு நடுவே இருப்பதும் இதே வேறுபாடுதான். மொழியியலாளர் கென் ஹைலண்ட் 1998இல் இந்தத் தயக்கச் சொற்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ஆனால் வகுப்பில் இதைப் பணிவு என்றோ நாகரிகம் என்றோ விளக்கினால் மாணவருக்குப் பிடிபடுவதில்லை. எத்தனை சோதனை முடிந்திருக்கிறது என்பதை வினைச்சொல் காட்ட வேண்டும் என்றால் சட்டென்று புரிந்துகொள்கிறார். இப்படி அளந்து சொன்னதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. அமைப்பைப் பற்றி எழுதியது ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். மரபுப்பொருள் தன்னைத்தானே படியெடுக்கும் வழியை அதில் ஒற்றை வாக்கியத்தில் கோடிகாட்டி நிறுத்திக்கொண்டார்கள். மே 30 இதழில்தான் அதை விரித்து எழுதினார்கள்.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'த' விஷயத்தில் இப்படிச் சொந்தக் கையிருப்பு எதுவும் கிடையாது. முதலில் வரும் கரைசல் 'எ சொல்யூஷன்', அதையே மறுபடி குறிப்பிட்டால் 'த சொல்யூஷன்' என்ற விதி பாதி தூரம் கொண்டுபோகும். மீதியை வாசித்து வாசித்துத்தான் பிடிக்க வேண்டும். மூத்த பேராசிரியர்களும் இதில் தடுமாறுகிறார்கள்.

ஆபத்தான குறுக்குவழி, பிறர் வாக்கியத்தை வெட்டி ஒட்டுவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, பிற படைப்புகளுடனான ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆய்வேட்டைத் திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும். பயந்துபோன மாணவர்கள் சொல்லுக்குச் சொல் மாற்றுச் சொல் தேடி, 'ஹீட்' இருந்த இடத்தில் 'வார்ம்த்' போட்டு, அறிவியலையே கெடுத்துவிடுகிறார்கள். அதைவிட, நல்ல கட்டுரையின் வாக்கியத்திலிருந்து அறிவியலை உருவிவிட்டு வெறும் சட்டகத்தை மட்டும் நோட்டில் குறித்துவைப்பது மேல். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்லி தொகுத்த 'அகாடமிக் ஃபிரேஸ்பேங்க்' இதைத்தான் வெளிப்படையாகச் செய்கிறது. முந்தைய ஆய்வுகளைச் சுட்ட, விடுபட்டதைச் சொல்ல, முடிவை மட்டுப்படுத்த எனத் தனித்தனியாக அதில் சட்டகங்கள் உண்டு.

எழுதும் வரிசையில் ஒரு யோசனை பலருக்கும் கைகொடுக்கிறது: செய்முறைப் பகுதியை முதலில் எழுதிவிடுவது. செய்தது தெரியும், சொற்களும் ரெக்கார்டு நோட்டில் பழகியவை. படங்களும் அட்டவணைகளும் அடுத்து. அறிமுகத்தைக் கடைசிக்குத் தள்ளலாம். துறை இது, இதில் இந்த இடம் காலி, அந்தக் காலியிடத்தில் இந்த ஆய்வு என்று அறிமுகத்துக்கு மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் காட்டிய மூன்று நகர்வுகளில் இரண்டாவதுதான் கடினம். காலியிடம் எது என்று சொல்ல, அதற்கு முன் வந்த கட்டுரைகளை முழுதாக வாசித்திருக்க வேண்டும். சுருக்கங்களை மட்டும் மேய்ந்துவிட்டு எழுதிய அறிமுகம் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.